அழியாத மலம்

அழுக்கைப் போக்குவது, பாவத்தைத் தீர்ப்பது என்றெல்லாம் சொல்லும்போது, அந்தப் பதார்த்தமே இல்லாமற்போய்விடுகிறது என்ற எண்ணம் நம் உள்ளத்தில் எப்படியோ வேரூன்றியிருக்கிறது. சைவ சித்தாந்திகள் இவ்விஷயத்தில் அவ்வளவு எளிதில் திருப்தியடைந்தவர்கள் அல்லர். உயிரை மறைக்கும் அழுக்காகிய ஆணவ மலம் அநாதியான உள்பொருள். உள்ளது எதுவும் சூனியமாவதில்லை. ஆகவே முத்தி நிலையிலும் மலத்தின் சக்தி திருவருளால் ஒடுங்குமேயன்றி மலம் நாசமடையாது என்பது அவர்கள் துணிபு. இதைக் கேட்டு மனம் சோர்பவர்கள் உண்டு. ஆனால் இதற்குள் இருக்கும் நியாயத்தை, அமெரிக்காவில் தென் புளோரிடாவிலுள்ள எவர்கிளேட்ஸ் என்னும் சதுப்புநிலத்தில் நடைபெறும் ஒரு காரியம் எனக்கு மிகவும் தெளிவாக்கிற்று.

ஓக்கிசோபி ஏரிக்குத் தெற்கே பரந்து கிடக்கும் கரும்பு வயல்களிலிருந்து வடியும் நீர், பாஸ்பரஸைச் சுமந்துகொண்டு அச்சதுப்பிற்குள் பல்லாண்டுகள் பாய்ந்தது. வயலில் பயிருக்கு உயிராகவும், நம் உடலில் எலும்பின் உறுதியாகவும் விளங்கும் அதே பொருள், வறிய நீரிலேயே வாழப் பழகிய கோரைக்கு நஞ்சாயிற்று; அதன் இடத்தைச் சம்பங்கோரை அடர்ந்து பிடித்துக்கொள்ள, நாரைகள் இரைதேடிய திறந்த நீர்ப்பரப்புகள் மறைந்தன. 1994-இல் இதற்கென ஒரு சட்டம் பிறந்தது. பின்னர், 100 கோடிப் பங்கு நீரில் பாஸ்பரஸ் 10 பங்கு என்ற எல்லையும் வகுக்கப்பட்டது.

அந்த எல்லைக்குள் அதை அடக்குவது எளிதன்று. நைட்ரஜனாவது நுண்ணுயிர்களின் செயலால் காற்றில் கலந்துவிடும். மூலகமாகிய பாஸ்பரஸுக்கோ அந்த வழியும் இல்லை. ஆகவே, 50,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் செயற்கைச் சதுப்புகளை அமைத்து, வயல் நீரை அவற்றின் வழியே மெல்ல நடத்துகிறார்கள். முதலில் அதை எதிர்கொள்வது, நோயின் அடையாளமாகக் கருதப்பட்ட அதே சம்பங்கோரைதான். அடுத்த பாத்திகளில் நீருக்குள் மூழ்கி வளரும் செடிகள் பகல் வெயிலில் கரியமில வாயுவை உறிஞ்ச, நீரிலுள்ள சுண்ணாம்பு வெண்பொடியாகப் பிரிந்து இலைகளின்மேல் படிகிறது; பாஸ்பரஸின் ஒரு பகுதியும் அதனோடு சேர்ந்து படிகிறது. செடிகள் மடிந்து அடியில் சேறாகின்றன.

தெளிந்து வெளியேறும் அந்நீரைப் பார்ப்பவன், மாசு அழிந்தது என்றே எண்ணுவான். அதில் அணுவளவும் அழியவில்லை. சேற்றில் கட்டுண்டு கிடக்கிறது. மழை பொய்த்துச் சேறு வெடித்துக் காற்றுப் படுமானால், மறுபடி நீர் பாயும்போது அது கரைந்து வெளிவரும். அதனாலேயே வறட்சிக் காலத்தில் பாத்திகள் காய்ந்துவிடாமல் காக்க அங்குள்ளவர்கள் பாடுபடுகிறார்கள். திருவருள் செய்த ஒடுக்கம் மீளாதது என்பர் சித்தாந்திகள். மனிதன் செய்யும் ஒடுக்கத்திற்கோ இத்தகைய இடைவிடாத காவல் வேண்டியிருக்கிறது.

இன்னொரு பேதமும் உண்டு. ஆணவம் சுபாவத்திலேயே மறைக்கும் பொருள். பாஸ்பரஸுக்கு அத்தகைய தோஷம் கிடையாது, இடம் மாறியதே அதன் குற்றம். ஆதலால் அதைச் சேற்றில் சிறைவைப்பதோடு நாம் திருப்தியடைதல் தகாது என்பது என் அபிப்பிராயம். சிப்பி ஓட்டுத் தூளிலும் சுண்ணாம்புக்கல்லிலும் அதைப் பிடித்து, அவை நிறைந்தபின் வயலுக்கே உரமாக இடும் முறைகளை இன்று ஆராய்ந்து வருகிறார்கள். பாஸ்பரஸ் உரத்திற்கு மூலமாகிய பாஸ்பேட் பாறையோ பூமியில் எடுக்க எடுக்கக் குறைவது. வயலிலிருந்து ஓடிப்போனதை வயலுக்கே மீட்டுத் தரும் இம்முயற்சிக்கு, பாறையை வெட்டி எடுப்பதில் காட்டும் சிரத்தையில் ஒரு பங்கேனும் நாம் காட்ட வேண்டாமா?