அழுக்கும் வினையும்

கடையில் வாங்கிய பளபளப்பான மாதிரி ரயில் எஞ்சினுக்குக் கரியும் துருவும் பூசி அழுக்காக்குவது உலகெங்கும் பொறுமைசாலிகளின் கைவேலை. நீர்த்த கறுப்பு வண்ணத்தை இடுக்குகளில் ஓடவிட்டு மேலே துடைப்பார்கள். பொடியைத் தூரிகையால் தேய்ப்பார்கள். செய்யாத வேலையின் அழுக்கைப் பூசுவது பொய்யல்லவா? சைவ சித்தாந்தம் இங்கே கைகொடுக்கும். அது சொல்லும் உயிரின் அழுக்குகளில் ஆணவம் செம்பின் களிம்புபோல உயிரோடு அனாதியாக ஒட்டியது; கன்மமோ வினை செய்யச் செய்யச் சேர்வது. எஞ்சினின் அழுக்கு இரண்டாவது இனம். புகைபோக்கியைச் சுற்றிக் கரி, ஒழுகிய கடினநீர் காய்ந்த வெள்ளைக் கோடு, சக்கரத்தருகே பிரேக் கட்டை தேய்ந்த தூள், நீலாய் வழியே சிரம்பானுக்கு ஓடிய வண்டியானால் அடிப்பாகத்தில் செம்மண்: எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. காரணம் அறிந்து வைத்த கறை அந்த எஞ்சினைப் பற்றிய உண்மை. அழகுக்காகக் கண்ட இடத்தில் தெளித்த துருதான் பொய்.

பளபளப்பும் பொய் சொல்லும். தோக்கியோவின் யாசுகுனி ஆலயத்துப் போர் அருங்காட்சியகத்தில் சி56 31 என்ற நீராவி எஞ்சின் நிற்கிறது. 1943 அக்டோபரில் முடிந்த 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா பாதையில் ஓடியது. 1979இல் தாய்லாந்திலிருந்து ஜப்பான் திரும்பியது. அந்தப் பாதைதான் சயாம் மரண ரயில்; மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழருக்கு அதற்கு விளக்கம் வேண்டாம். மலாயாத் தோட்டங்களிலிருந்து அதைப் போட ஆட்களை ஏற்றிப் போன ஜப்பானியப் படையினர், இதே மாநிலத்துத் தம்பினிலிருந்து மலாக்காவுக்குச் சென்ற தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அந்த எஞ்சின் இன்று புதுக் கறுப்பில் மின்னுகிறது. அது செய்த வினையின் தடம் மேலே எதுவும் இல்லை. கும்பாபிஷேகத்துக்கு நாமும் கோபுரத்துக்கு வண்ணம் அடிக்கிறோமே என்பார்கள். கோயில் புழக்கத்தில் இருக்கிறது. மறுநாளே விளக்குக் கரி படியத் தொடங்கிவிடும். ஓய்ந்த எஞ்சினில் இனி எதுவும் படியப் போவதில்லை. ஒருமுறை துடைத்தால் துடைத்ததுதான்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: செத்தவர்களின் துன்பத்தை மேசை அலங்காரமாக்குவதா? இதில் பாதி நியாயம் இருக்கிறது. கரி எஞ்சினின் உழைப்பைச் சொல்லும். பாதை போட்டவர்களை வாரிச் சென்ற காலராவைச் சொல்லாது. அதைச் சொல்ல எழுத்து வேண்டும், நினைவிடம் வேண்டும். அதற்காக மினுக்கிய எஞ்சின் நேர்மையானதாகிவிடுமா? சி56 மாதிரியைச் செய்பவர் அது எந்தக் காலத்து எஞ்சின் என்பதை முதலில் தீர்மானிக்கட்டும். 1943 என்றால், அன்று விறகு எரித்து ஓடியதால் சாம்பல்வரை எல்லாம் பூச வேண்டும். காட்சிக்கூடத்து எஞ்சின் என்றால் தூரிகையைத் தொட வேண்டாம்; பீடத்தில் அப்படியே எழுதி வைத்துவிடலாம்.