யார் பயங்கரவாதி?

ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று நாம் கேட்கும் திருப்பாடுகளின் வரலாற்றில் பரபா என்றொருவன் வருகிறான். யோவான் அவனைக் கள்வன் என்கிறார். மாற்குவோ, கலகத்தில் கொலை செய்தவர்களோடு சிறைப்பட்டவன் என்கிறார். முரண்பாடு ஒன்றுமில்லை. யோவான் கையாளும் அதே கிரேக்கச் சொல்லை, யோசேப்பு என்னும் யூத வரலாற்றாசிரியர் உரோமைக்கு எதிராக ஆயுதம் எடுத்தவர்களுக்கும் வழங்குகிறார். ஆள்வோருக்குக் கள்வன், ஆளப்படுவோரில் பலருக்கு வீரன். ஆண்டவரோடு சிலுவையில் அறையுண்ட இருவருக்கும் அதே பெயர்தான். மக்களைத் தூண்டிவிடுகிறார், இராயனுக்கு வரி கொடாதிருக்கச் சொல்கிறார் என்று ஆண்டவர் மீதே பிலாத்துவின் முன் குற்றஞ் சாட்டினார்கள் அன்றோ!

நம் நாட்டுக்கு வருவோம். 1971 ஏப்பிரலில் தென்னிலங்கைச் சிங்கள இளைஞர் பொலிஸ் நிலையங்களைத் தாக்கினர். ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவர்களை நாடு கிளர்ச்சியாளர் என்றது. ஊர்மக்கள் சேகுவேராக்காரர் என்றனர். வழிதவறிய பிள்ளைகள் என்ற இரக்கமும் கலந்திருந்தது. தலைவர் ரோகண விஜேவீர 1977இல் விடுதலையாகி, 1982இல் சனாதிபதித் தேர்தலிலும் நின்றார். வடபுலத் தமிழ் இளைஞர் ஆயுதம் எடுத்தபோதோ, 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன் பெயரிலேயே பயங்கரவாதம் உண்டு. பயங்கரவாதம் எது என்ற வரைவிலக்கணந்தான் இல்லை. வரைவிலக்கணம் இல்லாத சொல்லை எதைக்கொண்டு நிரப்புவது? பேசும் மொழியாலும், அடையாள அட்டையிலுள்ள பிறந்த இடத்தாலும், நெற்றிப் பொட்டாலும் நிரப்பினார்கள். பின்னர் 1987 முதல் 1989 வரை சிங்கள இளைஞர் மீதும் அச்சட்டம் பாய்ந்தது உண்மையே. ஆனால் அவர்களுடைய கட்சியின் தலைவர் 2024இல் நாட்டின் சனாதிபதியானார். சிலர் மேல் ஒட்டிய பெயர் கழுவக் கழுவப் போய்விடுகிறது.

கப்பல்துறையிலிருந்து கண்டி வீதியால் நகருக்குப் போய்வந்தவர்களுக்கு, சோதனைச் சாவடியில் இறங்கி நடந்த காலத்தை நான் சொல்லத் தேவையில்லை. 2006 சனவரி 2ஆந் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் இறந்தனர். அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்தது என்பதே படைத்தரப்பின் முதற்பேச்சு. பிரேத பரிசோதனையோ துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டியது. குற்றஞ் சாட்டப்பட்ட பதின்மூவரும் 2019 யூலையில் விடுவிக்கப்பட்டனர்.

அப்படியானால் பயங்கரவாதம் என்பது வெறும் பெயர்தானா? அவ்வாறு சொல்வது நமக்கு வசதி, உண்மையன்று. நகரங்களையும் மக்களையும் வேறுபாடின்றி அழிப்பது கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றமென 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியது. அரசென்றும் இயக்கமென்றும் அங்கே பிரிக்கவில்லை. செய்தவன் யார் என்பதை விட்டு, செய்யப்பட்டது என்ன, யாருக்கு என்றே கேட்கவேண்டும். இந்த அளவுகோலை நம் பக்கமும் திருப்புவோம். 1990 ஆகத்து 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றபோது, நாம் என்ன சொல் வைத்திருந்தோம்? "பொடியன்கள்" என்ற செல்லப் பெயரைத்தானே!

2019 ஏப்பிரல் 21, உயிர்ப்புப் பெருவிழா. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் நம் ஆலயங்கள் இரத்தத்தில் தோய்ந்தன; மட்டக்களப்பில் சீயோன் ஆலயத்தில் சிறுவர்களும் இறந்தனர். அதைச் செய்தவர்களைப் பயங்கரவாதிகள் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அதன்பின், பேருந்தில் தாடிவைத்த கிண்ணியாக்காரர் ஏறினால், முன்பு நம்மைச் சாவடியில் பார்த்த அதே கண்களால் நம்மில் பலர் அவரைப் பார்த்தோம்.

2020 மே மாதம் அஹ்னாப் ஜஸீம் என்னும் இளங்கவிஞர் அதே 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கைதானார். அவருடைய 'நவரசம்' கவிதை நூல் தீவிரவாதத்தைப் பரப்புகிறதாம். வன்முறையையும் போரையும் கண்டிக்கும் கவிதைகள் உள்ள நூல் அது. 2021 திசெம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 திசெம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. நூல் தமிழில் இருந்தது. அவர் சிறையில் இருந்த அந்தப் பத்தொன்பது மாதங்களில், தமிழ் படித்த நம்மில் எத்தனை பேர் அதைத் தேடி எடுத்து வாசித்துப் பார்த்தோம்?