மீண்ட குழந்தையும் மீளாத அச்சமும்

கொடிய நோய் ஒன்று ஒரு குழந்தையைப் பற்றும்போது அந்த வீடு முழுவதையும் பற்றிக்கொள்கிறது. குழந்தை குணமடைந்தால் வீடும் உடனே குணமடைந்துவிடும் என்று எல்லோரும் எண்ணுகின்றனர். அது எப்போதும் உண்மையன்று. ஆபத்து நீங்கிவிட்டது என்று மருத்துவர் கூறிய பிறகும் தாயின் கை நள்ளிரவில் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறது. ஒரு தும்மல் கேட்டால் தந்தையின் முகம் வெளிறுகிறது. நோய் போய்விடுகிறது, அது விட்டுச்சென்ற அச்சமோ வீட்டாருள் ஒருவரைப்போல் தங்கிவிடுகிறது.

இங்கே ஒரு தர்ம வினா எழுகிறது. நோயின் நாட்களில் பெற்றோரின் கடமை எது என்பதில் ஐயமில்லை. மருந்து, பணம், கண்விழிப்பு, பிரார்த்தனை என்று அந்த நாட்களின் தேவையே கடமையைச் சொல்லிவிடுகிறது. ஆனால் மரணத்தின் வாயிலிலிருந்து திரும்பி வந்த குழந்தையிடம் அதன்பின் எவ்வாறு நடந்துகொள்வது? அஞ்சிக்கொண்டே இருப்பது அன்பின் அடையாளமா, அல்லது அன்புக்கு நேர்ந்த குறையா?

நீண்ட சிகிச்சை

மும்பையின் பரேல் பகுதியில் 1941-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது டாடா நினைவு மருத்துவமனை. பீகார், ஜார்க்கண்ட், வங்காளம், உத்தரப் பிரதேசம் எனத் தொலைவிலிருந்தெல்லாம் குடும்பங்கள் அங்கே வருகின்றன. அருகிலுள்ள தாதரில், மகாராஷ்டிரத்து மகான் சந்த் காட்கே மகராஜின் (1876-1956) பெயரில் இயங்கும் தர்மசாலை அவர்களில் பலருக்கு உறைவிடமாகிறது. உடைந்த மண்பாத்திரத்தையும் துடைப்பத்தையும் ஏந்தி ஊர் ஊராகச் சென்று தெருக்களைக் கூட்டியவர் அவர். ஏழைகள் தங்க இடமின்றித் தவிக்கக் கூடாது என்று தர்மசாலைகளை எழுப்பியவர்.

குழந்தைகளைத் தாக்கும் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படுவது ஒருவகை ரத்தப் புற்றுநோய். எண்பது ஆண்டுகளுக்கு முன் அது உறுதியான மரணத் தீர்ப்பாக இருந்தது. இன்று, மருத்துவ வசதி மிகுந்த நாடுகளில் அந்நோய் கண்ட குழந்தைகளுள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் குணமடைகின்றனர். ஆயினும் சிகிச்சை நீண்டது. முதற்சில மாதங்கள் கடுமையானவை. அதன்பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வீட்டிலிருந்தபடியே நாள்தோறும் மாத்திரை கொடுத்து, குறித்த காலங்களில் ரத்தப் பரிசோதனை செய்துவர வேண்டும்.

தர்பங்கா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஐந்து வயது மகனுடன் மும்பை சென்று, எட்டு மாதங்களுக்குப் பின் ஊர் திரும்பும் ஒரு குடும்பத்தை மனத்தில் கொள்வோம். எட்டு வயது மகள் அந்த மாதங்கள் முழுவதும் பாட்டியிடம் இருந்தாள். நிலத்தில் ஒரு பகுதி அடகில் இருக்கிறது. பையனின் தலையில் முடி மீண்டும் முளைத்துவிட்டது. பள்ளிக்கு அனுப்பலாம், விளையாட விடலாம், காய்ச்சல் கண்டால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள் என்று மருத்துவர் கூறி அனுப்பியிருக்கிறார். இப்படிப்பட்ட குடும்பங்கள் நம் நாட்டில் பல உண்டு.

அந்த வீட்டில் என்ன நடக்கிறது? வாசற்கதவு எப்போதும் சாத்தியே இருக்கிறது. பள்ளி அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று தள்ளிப்போகிறது. மருந்தின் விளைவால் பையனுக்குச் சில நாட்களில் அடங்காப் பசியும் எரிச்சலும் உண்டாகின்றன. அந்நாட்களில் அவன் கேட்டதெல்லாம் கிடைக்கிறது, நாளடைவில் எந்நாளும் கிடைக்கிறது. தம்பியைத் தொட்டு விளையாட வந்த அக்காள், 'கை கழுவினாயா?' என்ற அதட்டலைக் கேட்டுத் திண்ணைக்குத் திரும்பிவிடுகிறாள். எட்டு மாதம் தாயைக் காணாதிருந்தவள் அவள். அதைச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. தம்பி செத்துப் பிழைத்த வீட்டில் தன் குறையைச் சொல்வது பாவம் என்று அவளே எண்ணிக்கொள்கிறாள்.

நான்கில் ஒன்று

சிகிச்சைக்கு நான்கு கால்கள் உண்டு என்பது ஆயுர்வேதத்தின் கொள்கை. மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர், நோயாளி ஆகியோரே அந்நான்கு. திருவள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் இந்நான்கையே எண்ணிக் காட்டுகிறார். பேணுபவரிடம் இருக்க வேண்டியவையாகச் சரக சம்ஹிதை நான்கு பண்புகளைக் கூறுகிறது. பணிவிடை முறைகளை அறிந்திருத்தல், செயல்திறன், நோயாளியிடம் அன்பு, தூய்மை என்பன அவை.

இந்தப் பட்டியலை ஊன்றி நோக்க வேண்டும். அன்பு அதில் இருக்கிறது, அது இன்றியமையாதது. ஆனால் நான்கில் அது ஒன்றுதான். அறிவும் திறனும் துணையில்லாத அன்பு நோயாளிக்குப் போதாது என்பதைப் பண்டைய மருத்துவர்கள் உணர்ந்திருந்தனர். அச்சம் என்ற பண்பு பட்டியலில் இல்லவே இல்லை.

கவனம் வேறு, அச்சம் வேறு. மாத்திரையை வேளை தவறாமல் கொடுப்பது கவனம். காய்ச்சல் கண்ட அன்றே புறப்படுவது கவனம். பையன் நன்றாகத்தானே இருக்கிறான் என்று எண்ணி மருந்தை இடையில் நிறுத்தாதிருப்பதும் கவனம்; நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். இவை எல்லாவற்றுக்கும் ஒரு செயல் உண்டு. செயல் முடிந்ததும் மனம் ஓய்வடைகிறது. அச்சத்துக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. ஆகவே அது ஓய்வதும் இல்லை. கவனம் குழந்தையைப் பார்க்கிறது; அச்சமோ குழந்தையினுள் நோயைத் தேடுகிறது. தன்னை நோக்கும் கண்களில் எந்நேரமும் நோயையே காணும் சிறுவன், 'நான் நோயாளி' என்பதைத் தன் பெயரைப்போல் கற்றுக்கொள்கிறான். மருந்து உடலிலிருந்து அகற்றியதை வீட்டார் அவன் மனத்தில் மீண்டும் குடியேற்றுகின்றனர்.

கண்டகிக் கரையில்

பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தம் பரத மன்னரின் வரலாற்றைச் சொல்கிறது. அரசைத் துறந்து, கண்டகி நதிக்கரையில் புலஹரின் ஆசிரமத்தில் தவம் செய்துவந்தார் அவர். வட பீகாரின் வழியாக ஓடிக் கங்கையில் கலக்கும் கண்டகியே அது. ஒருநாள், நீர் அருந்த வந்த சூல்கொண்ட பெண்மான் சிங்கத்தின் கர்ஜனை கேட்டு ஆற்றைத் தாவியது. குட்டி நீரில் விழுந்தது, தாய் இறந்தது. பரதர் இரங்கி, குட்டியை எடுத்து வளர்த்தார்.

இதுவரை அவர் செய்தது குற்றமா? அன்று. நீரில் தத்தளிக்கும் உயிரைப் பார்த்துக்கொண்டிருந்து ஜபம் செய்வதை எந்தச் சாத்திரமும் போற்றாது. பிழை பிறகே நேர்ந்தது. குட்டி வளர்ந்து, புல் மேய்ந்து, காட்டில் ஓடும் வலிமை பெற்றுவிட்டது. ஆயினும் பரதரின் மனம் மட்டும் ஆற்றங்கரையிலேயே நின்றுவிட்டது. சற்று நேரம் அது கண்ணில் படாவிட்டால் ஓநாய் தின்றிருக்குமோ என்று கலங்கினார். வழிபாடு தேய்ந்தது. இறுதியில் மானையே நினைத்து உயிர் நீத்து மானாகப் பிறந்தார் என்கிறது புராணம்.

இக்கதையைக் கருணைக்கு எதிரான எச்சரிக்கையாகச் சிலர் படிக்கின்றனர். அவ்வாறு படிக்கத் தேவையில்லை. காப்பாற்றும் வேளையில் காப்பாற்றுவது தர்மம். காக்கப்பட்ட உயிரை அதன் இயல்பான வாழ்வுக்கு ஒப்படைப்பது அந்தத் தர்மத்தின் மறுபாதி. பரதர் முதற்பாதியை நிறைவேற்றினார், மறுபாதியை மறந்தார்.

பிள்ளையின் தோளில் கடன்

மீண்ட குழந்தையின்மேல் அச்சத்தோடு மற்றொரு சுமையும் அறியாமலே ஏற்றப்படுவதுண்டு. 'உனக்காக நிலத்தை அடகு வைத்தோம்', 'உனக்காக உன் தாய் எத்தனை விரதம் இருந்தாள், தெரியுமா?' என்ற சொற்கள் பாசத்தில் பிறந்தவைதாம். பீகாரத்துத் தாய் சட் விரத நாளில் நீர்கூட அருந்தாமல், ஆற்றில் நின்று மறையும் சூரியனுக்கும் மறுநாள் உதிக்கும் சூரியனுக்கும் அர்க்கியம் அளிக்கிறாள். அவளது நேர்த்திக்கடன் அவளுக்கும் இறைவனுக்கும் இடையிலானது. அதைக் குழந்தையின் கணக்கில் எழுதும்போது, அவன் உயிரோடிருப்பதே ஒரு கடனாகிவிடுகிறது. ஐந்து வயதில் தொடங்கிய கடனை எந்த வயதில் அடைத்து முடிப்பான்?

தர்மம் கடனை மறுக்கவில்லை. அதன் திசையை மாற்றுகிறது. பெற்றோர் யாரிடம் பெற்றனர் என்று எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். அந்தச் சிறுவன் வாரம் ஒருமுறை விழுங்கும் மாத்திரைகளுள் ஒன்று மெத்தோட்ரெக்ஸேட். அம்மருந்து உருவான ஆய்வுக்குழுவை வழிநடத்தியவர் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் (1895-1948). இளமையில் துறவு வாழ்வை நாடி, பின்பு சென்னையில் மருத்துவம் பயின்றவர் அவர். தம் சகோதரர்களை 'ஸ்ப்ரூ' என்னும் குடல்நோய்க்குப் பறிகொடுத்தவர். அத்தகைய நோய்க்குப் பயன்படும் ஃபோலிக் அமிலம் பற்றிய அமெரிக்க ஆய்வே, அதை எதிர்த்துச் செயல்படும் இம்மருந்துக்கும் வழி திறந்தது. தம்முடையவர்களை இழந்த துயரம் தாம் ஒருபோதும் காணாத குழந்தைகளுக்கு மருந்தாயிற்று. தர்மசாலையில் கிடைத்த அறையும் அவ்வாறு வந்ததே. இவற்றைத் தந்தோரிடம் திருப்பிச் செலுத்த இயலாது. அடுத்துத் தேவைப்படுவோருக்குச் செலுத்தலாம்.

அடுத்த அறையின் தாய்

'எங்கள் பிரார்த்தனையை இறைவன் கேட்டார்' என்று நன்றியுடன் கூறுவது இயல்பு. ஆனால் தர்மசாலையின் அடுத்த அறையில் இருந்த தாயும் பிரார்த்தித்தாள். அவள் தனியாக ஊர் திரும்பினாள். அவளது பக்தி குறைவானதா? இவ்வினாவைத் தவிர்த்துச் செல்லும் நன்றி நேர்மையான நன்றியாகாது.

குழந்தை பிழைத்தது பெற்றோரின் புண்ணியத்துக்குச் சான்றிதழ் அன்று. குழந்தை இறந்தது பாவத்துக்குத் தண்டனை என்று பிறரைப் பார்த்துக் கூறுவதோ கொடுமை. கர்ம நியதி, ஒருவன் தன் வாழ்வுக்குத் தானே பொறுப்பேற்கத் தரப்பட்ட ஒளி; பிறர் துயரத்துக்குத் தீர்ப்பு எழுதத் தரப்பட்ட பேனா அன்று. ஏன் அந்தக் குழந்தை, ஏன் இந்தக் குழந்தை இல்லை என்பதற்கு மனித அறிவிடம் விடையில்லை. விடையில்லாத இடத்தில் செய்யத்தக்கது ஒன்று உண்டு: அந்தத் தாயை மறவாதிருத்தல். அவளுக்கு ஒரு கடிதம் எழுதலாம். முதன்முறையாக மும்பைக்குப் புறப்படும் மற்றொரு குடும்பத்துக்கு வழி சொல்லலாம். பிரார்த்தனை கேட்கப்பட்டதன் அடையாளத்தை இதில் காணலாம்.

ஒப்படைத்தல்

'துறவிகளுக்கு எளிது, ஒரு தாயிடம் பற்றின்மையைக் கேட்பது நியாயமா?' என்ற மறுப்பு எழலாம். நியாயமான மறுப்பே. அஞ்சாதே என்று கட்டளையிட்டு எவருடைய அச்சத்தையும் நீக்க முடியாது. பற்றின்மை என்பது குறைவாக நேசிப்பதும் அன்று. செல்வர் வீட்டுப் பணிப்பெண் எசமானரின் பிள்ளையைத் தன் பிள்ளைபோலவே சீராட்டுகிறாள், ஆனால் அவன் தனக்கு உரியவன் அல்லன் என்பதை உள்ளத்தில் அறிந்திருக்கிறாள் என்று ஸ்ரீராமகிருஷ்ணர் இல்லறத்தாருக்கு உவமை கூறினார். அவளது பணியில் குறைவில்லை. உரிமை கொண்டாடுதல் மட்டுமே இல்லை.

குழந்தை நோய்க்கு முன்பும் பெற்றோரின் உடைமையாக இருக்கவில்லை. நோய் அந்த உண்மையை ஒருமுறை கடுமையாக உணர்த்தியது, அவ்வளவே. அதை மறக்க முயலும்போது அச்சம் வளர்கிறது. ஏற்கும்போது, இருக்கும் ஒவ்வொரு நாளும் அருளாகத் தெரிகிறது. பகவத் கீதையின் பதினாறாம் அத்தியாயம் தெய்விகப் பண்புகளை வரிசைப்படுத்துகையில் அச்சமின்மையை முதலில் வைக்கிறது. அது பிறவியிலேயே வாய்க்கும் வீரம் அன்று. சிறிய செயல்களால் நாள்தோறும் பழகிப் பெறும் சாதனை.

அந்தச் செயல்கள் எளியவை. மருத்துவர் அனுமதித்த நாளிலேயே பையனைப் பள்ளிக்கு அனுப்பலாம். அடம்பிடித்தால், பிற பிள்ளைகளிடம் சொல்வதைப்போல் அவனிடமும் 'கூடாது' என்று சொல்லலாம். அப்படிச் சொல்லப்படுவது அவனுக்கு நலமான வாழ்வு திரும்பிவிட்டதன் அறிகுறி. நாளில் ஒரு நாழிகையை மகளுக்கென்று ஒதுக்கி, அந்த நேரத்தில் தம்பியின் உடல்நிலையைப் பேசாதிருக்கலாம். அவள் பொறுத்துக்கொண்டதை வாய்விட்டுச் சொல்லி அவளை அணைத்துக்கொள்ளலாம். இரவில் நெற்றியைத் தொட எழும் கையை இறைவன் திருமுன் ஒருகணம் குவித்து, பிறகு உறங்கலாம்.

முதல் நாள் புத்தகப்பையுடன் தெருமுனை திரும்பும் பையனைப் பின்தொடராமல் வாசலில் நிற்பது ஒரு தாய்க்கு மும்பையின் எட்டு மாதங்களைக் காட்டிலும் கடினமாக இருக்கக்கூடும். அந்தச் சில நிமிடங்களும் தவமே. அவனைக் காத்த பரம்பொருள் தெருமுனைக்கு அப்பாலும் இருக்கிறது.