பார்க்காமல் இருப்பது கைவிடுவதா?

 

2023 அக்டோபருக்குப் பிறகு உங்களில் பலருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. இஷா தொழுதுவிட்டுப் படுத்தால் கையில் செல்போன், அதில் காஸா. இடிபாடுகளுக்குள்ளிருந்து தூக்கப்படும் பிள்ளை, வெள்ளைத் துணியில் சுற்றிய சின்ன மையித்தை மடியில் வைத்திருக்கும் தாய். ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக வருகிறது. ஃபஜ்ருக்கு எழ முடியவில்லை. சோறு இறங்கவில்லை. சொந்தப் பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொண்டால் எரிச்சல் வருகிறது. "கொஞ்சம் நிறுத்துங்கள்" என்றால், "அவர்கள் அனுபவிக்கிறார்கள், நான் பார்க்கக்கூடக் கூடாதா ஹழ்ரத்?" என்கிறீர்கள்.

நியாயமான கேள்விதான். முஃமின்கள் ஒரே உடலைப் போன்றவர்கள், ஓர் உறுப்பு நோவுற்றால் முழு உடலும் காய்ச்சலிலும் தூக்கமின்மையிலும் பங்கெடுக்கும் என்ற கருத்துள்ள ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. ஆக, உங்கள் தூக்கம் கெட்டது ஈமானின் குறையல்ல. "ஸப்ரு செய்யுங்கள்" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் காய்ச்சலுக்கும் ஓர் அளவு உண்டு. அது ஏறிக்கொண்டே போனால் புண்பட்ட உறுப்புக்கு என்ன லாபம்?

அடுத்தவர் துன்பத்தைக் கேட்டும் பார்த்தும் தன் மனமே காயப்படுவதை 1990இல் மெக்கன், பேர்ல்மன் என்ற இரு உளவியலாளர்கள், சிகிச்சை தருபவர்களிடம் கண்டு விவரித்தார்கள். 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின் நடந்த ஆய்வில், அந்த வாரம் தினம் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்திகளிலேயே மூழ்கியிருந்தவர்களிடம், நேரில் சிக்கியவர்களைவிட அதிக மன அழுத்தம் காணப்பட்டது.

இப்போது உஹதுக்கு வாருங்கள். ஹம்ஸா (ரலி) அவர்களின் உடல் சிதைக்கப்பட்டுக் கிடக்கிறது. உடன்பிறந்த சகோதரி ஸஃபிய்யா (ரலி) வேகமாக வருகிறார்கள். அந்தக் காட்சியை அவர்கள் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. மகன் ஸுபைர் (ரலி) ஓடிப்போய்த் தடுக்கிறார். தாயார் மகனின் நெஞ்சில் ஓர் அடி கொடுக்கிறார்கள், வலுவான பெண்மணி! "இது அல்லாஹ்வின் தூதருடைய கட்டளை" என்றதும் அப்படியே நின்றுவிட்டார்கள். கொண்டுவந்த இரண்டு துணிகளை எடுத்து, தம்முடைய சகோதரருக்குக் கஃபனிடக் கொடுத்தார்கள். பக்கத்தில் கஃபன் இல்லாமல் ஓர் அன்ஸாரி ஷஹீதாகக் கிடந்ததால், ஆளுக்கு ஒரு துணி ஆயிற்று. முஸ்னத் அஹ்மதில் ஸுபைர் (ரலி) அவர்களே இதை அறிவிக்கிறார்கள்.

இந்த அறிவிப்பின்படி, ஸஃபிய்யா (ரலி) பார்க்கப் போகாமல் நின்றுவிட்டார்கள். அதனால் சகோதரரைக் கைவிட்டார்கள் என்று யாராவது சொல்வீர்களா? அந்தத் துணி போய்ச் சேர்ந்தது. உங்கள் செல்போனில் நாற்பதாவது வீடியோவை ஓட விடுவதால் காஸாவுக்கு எது போய்ச் சேருகிறது? நீங்கள் கேட்கும் துஆவும் அனுப்பும் உதவியும் சேரும். அவற்றுக்குத் தெம்பு வேண்டும்.

வெள்ளிதோறும் நீங்கள் ஓதும் கஹ்ஃப் ஸூராவின் 6வது வசனத்தையும் நினைத்துப் பாருங்கள். மக்கள் ஈமான் கொள்ளவில்லையே என்ற கவலையில் தங்களையே மாய்த்துக்கொள்வீர்களோ என்று அல்லாஹ் தன் தூதரிடம் கேட்கிறான். அங்கே பேசப்படும் கவலை வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பிறருக்காக உருகும் உள்ளம் உருகியே அழிந்துபோவதை அல்லாஹ் விரும்பவில்லை என்பது புரிகிறதல்லவா?

கண்ணை மூடிக்கொள்ள முடியாதவர்களும் இருக்கிறார்கள். மையித் குளிப்பாட்டுபவர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுபவர்கள், நர்ஸுகள். கொரோனாவின்போது, நெருங்கவே பலர் பயந்த உடல்களை நம் வாலிபர்கள் மதம் பாராமல் அடக்கம் செய்தார்கள். அவர்களுக்குச் சால்வை போட்டவர்கள் நிறைய, "தம்பி, ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்டவர்கள் குறைவு. மையித்திடம் கண்ட குறையை வெளியே சொல்லக் கூடாது என்ற மார்க்கச் சட்டத்தை நினைத்து, சிலர் தம் பாரத்தையும் சேர்த்து மறைக்கிறார்கள். மறைக்க வேண்டியது மையித்தின் குறையை. உங்கள் மனக்காயத்தை அல்ல. நம்பிக்கையானவரிடம் சொல்லுங்கள். பல வாரம் ஆகியும் தூக்கம் வரவில்லையா, மருத்துவரிடம் போங்கள்.

குளிப்பாட்டுவது ஃபர்ளு கிஃபாயா. நம் மஹல்லாக்களில் ஒரே ஆளைத்தான் எப்போதும் கூப்பிடுகிறோம். இந்த வாரமே இன்னும் நான்கு பேர் கற்றுக்கொள்ள முன்வாருங்கள். தொழுகை முடிந்ததும் பெயர் கொடுங்கள்.