வேப்பம்பூவும் சிராவக விரதமும்



பங்குனி பிறந்தால் வேலூர் முதல் ஆம்பூர் வரை பாலாற்றங்கரை ஊர்களில் வேம்பு பூத்துக் குலுங்கும். விடியுமுன் மரத்தடியைப் பெருக்கி, பழைய வேட்டியை விரித்து, உதிரும் பூவைச் சேர்ப்பது இப்பகுதித் தாய்மார்களின் வழக்கம். வெயிலில் காய வைத்துச் சாடியில் இட்டால் இரசத்திற்கும், சித்திரை முதல் நாள் பச்சடிக்கும் ஆகும்.

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் அடியேனும் அவ்வாறே சேர்த்து வைத்தேன். ஐப்பசி மழையில் ஒரு நாள் சாடியைத் திறந்தபோது, பூவெல்லாம் இழை பின்னிக் கிடக்க, உள்ளே சிறு புழுக்கள் நெளிந்தன. அருகில் நின்ற என் மகள், "அம்மா, இவற்றை எங்கே விடுவது?" என்றாள். வெயிலில் கொட்டினால் மடியும். மழையில் கொட்டினாலும் மடியும். மூடி வைத்தால் இன்னும் பெருகும். நாள்தோறும் வகுப்பில் வினாக்களுக்கு விடை சொன்ன எனக்கு அன்று விடை தோன்றவில்லை. பாவம் சாடியைத் திறந்த நாளில் நேர்ந்ததன்று. ஆராயாமல் சேர்த்த நாளிலேயே நேர்ந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில், போகோபபோக பரிமாண விரதத்தை விளக்குமிடத்தில், முள்ளங்கி, பச்சை இஞ்சி, வெண்ணெய், தாழம்பூ ஆகியவற்றோடு வேப்பம்பூவையும் பெயர் சுட்டி விலக்குகிறார். காரணம் ஒன்றே: பயன் சிறிது, உயிர்க்கேடு பெரிது. ஒரு கரண்டி இரசத்தின் மணத்திற்காக, பூவிதழ்களுக்கிடையே ஒடுங்கியிருக்கும் எத்தனை நுண்ணுயிர்களை நாம் பலியிடுகிறோம்!

அப்படியாயின் இளவேனிலில் துளிர்க்கும் புளியங்கொழுந்தும் முருங்கைத் துளிரும் ஆகுமா என்று சிலர் வினவுவர். நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி இயற்றிய கோம்மடசாரம் இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. நரம்பும் கணுவும் புலப்படாமல், ஒடித்தால் நாரின்றிச் சமமாக ஒடியும் நிலையில் உள்ள தாவரம் அளவற்ற உயிர்களுக்கு உறைவிடம். எனவே துளிரைக் கண்டவுடன் கிள்ளாதீர். இலை முற்றி நரம்பு தெளியும் வரை பொறுத்திருங்கள். முற்றிய முருங்கைக்கீரையைப் பகல் வெளிச்சத்தில் ஒவ்வோர் இணுக்காக உதறிப் பார்த்து, வடிகட்டிய நீரில் அலசி, அன்றே சமைத்து, கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பதே முறை.

விரதம் ஏற்கும் மனவலிமை இன்னும் வாராதோர் இவற்றையேனும் கடைப்பிடிப்பாராக. ஆண்டுக்கென்று சேர்க்காமல் தேவைக்கு மட்டும் எடுங்கள். முறத்தில் பரப்பி, எறும்பும் பூச்சியும் தாமே அகலக் காலம் கொடுத்த பின்னரே உலர்த்துங்கள். கையில் நொறுங்கும் அளவு காய்ந்த பிறகே ஈரமற்ற கண்ணாடிச் சாடியில் இட்டு, மழைக்காலம் வருமுன் தீர்த்துவிடுங்கள். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு ஓடிய வாய்க்காலோரம் உதிர்ந்த பூவைத் தொடாதீர். அம்மண்ணில் குரோமிய உப்பு தங்கியிருக்கக் கூடும். 1996 ஆகஸ்ட் 28 அன்று நம் வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில், கேடு ஐயமற நிறுவப்படும் வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்னும் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டமாக ஏற்றது. ஐயமுள்ளதை விலக்குக என்று நம் ஆசாரியர்கள் இல்லறத்தாருக்குக் கூறியதும் இதனை ஒத்ததே.

சித்திரை முதல் நாளில் அண்டை வீட்டார் அன்போடு பச்சடி கொண்டு வருவர். முகம் சுளித்து மறுப்பதும் இம்சையே. "உங்கள் அன்பு எங்களுக்கு நிறைவு; இது எங்கள் நோன்பு" என்று கை கூப்பிச் சொல்லுங்கள். நம் வீட்டில் மாங்காயும் வெல்லமும் சேர்த்து, கசப்புக்குச் சிறிது வெந்தயம் வறுத்துப் பொடித்து இட்டால் அறுசுவையில் ஒன்றும் குறையாது. நான் பல ஆண்டுகளாக அவ்வாறே செய்கிறேன்.

கிடைக்காததை உண்ணாதிருப்பது விரதமன்று. கைக்கு எட்டுவதையும் மனமறிந்து விடுவதே விரதம் என்பது ஆசாரியரின் திருவுள்ளம். வாசலிலேயே பூத்து, விலையின்றி உதிர்வதை விடுவது எளிதன்று. ஆதலின் அதன் பயனும் பெரிது. இந்தப் பங்குனியில் மரத்தடியில் வேட்டி விரிக்குமுன் ஒரு கணம் நில்லுங்கள். என் மகள் கேட்ட வினாவை உங்கள் மக்கள் கேட்கும் நிலை வர வேண்டாம்.

கொல்லாமை வெல்க! ஜினதருமம் வாழ்க!