சாட்சிக் கையெழுத்து

2018 டிசம்பரில் ஒரு நாள். முகூர்த்த நாள் இல்லை என்பதால் அலுவலகத்தில் கூட்டம் குறைவாக இருந்தது. மதுரைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் அப்போது நான் சார்பதிவாளர். இரண்டு பெண்கள் என் மேசைக்கு முன் வந்து நின்றார்கள். இருவருக்கும் முப்பதையொட்டிய வயது. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். ஆதார் நகல், வயதுச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் படங்கள், சிறப்புத் திருமணச் சட்டப்படி கொடுக்க வேண்டிய அறிவிப்புப் படிவம் எல்லாம் அதில் ஒழுங்காக அடுக்கியிருந்தன. அவர்களுக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள்: உடன் வேலை பார்க்கும் ஒரு பெண், வீட்டுக்காரர், அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. அந்த அம்மாவின் நெற்றியில் திருநீறு, இடுப்பில் செருகிய சுருக்குப்பை.

“சாட்சி மூணு பேரையும் கூட்டிட்டு வந்திருக்கோம் சார்” என்றாள் மூத்தவள்.

முதல் நாளில் சாட்சி தேவையில்லை. அறிவிப்பைக் கொடுத்து, அது அலுவலகப் பலகையில் முப்பது நாள் தொங்கி, ஆட்சேபணை வராவிட்டால், அதன் பிறகுதான் மூன்று சாட்சிகளோடு வந்து உறுதிமொழி சொல்லிக் கையெழுத்திட வேண்டும். அது தெரியாமல் அழைத்து வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். தெரிந்தேதான் அழைத்து வந்திருந்தார்கள். “யாரும் இல்லாதவங்கன்னு நீங்க நெனச்சிடக் கூடாதுல்ல சார்” என்றாள் இளையவள். வருகிற வழியில் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்ததாகவும் சொன்னாள்.

“சட்டத்துல இடம் இல்லம்மா. ஆணுக்கு இருபத்தொண்ணு, பொண்ணுக்குப் பதினெட்டுன்னுதான் எழுதியிருக்கு” என்றேன். “அதுக்கு முன்னாடி எந்த ரெண்டு பேரும்னு ஆரம்பிக்குதே சார்” என்றாள். சட்டத்தின் நான்காம் பிரிவை அவள் படித்திருந்தாள். நான் படிவத்தைக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கிளம்பும்போது அந்த அம்மா மட்டும் நின்று கேட்டார்: “அப்ப நாங்க வந்துட்டுப் போனதுக்காவது எதாச்சும் எழுதிக் குடுங்க சார்.”

நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

என் அப்பத்தாவுக்கும் தாத்தாவுக்கும் 1937இல் நடந்தது சுயமரியாதைக் கல்யாணம். அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் 1928இல் நடந்ததை அவ்வகையில் முதல் கல்யாணமாகச் சொல்வார்கள். எங்கள் ஊருக்கும் அந்தக் காற்று சீக்கிரமே வந்துவிட்டது. புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை. மாலை மாற்றி, ஊர் முன்னால் தமிழில் உறுதி சொன்னதோடு சரி. தாத்தா கடைசிவரை கோயில் வாசலை மிதிக்காதவர். அப்பத்தா ஒரு வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனுக்கு விளக்குப் போட்டவர். இருவரும் ஒரே அடுப்பில் சோறாக்கி ஐம்பது வருடம் வாழ்ந்தார்கள்.

1953இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய கல்யாணம் செல்லாது என்றது. சாத்திரம் சொல்லும் சடங்கும் இல்லை, காலங்காலமாய் வந்த வழக்கம் என்றும் சொல்ல முடியாது என்பது அதன் காரணம். அந்தத் தீர்ப்பை எங்கள் ஊரில் யாரும் படித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒரு வரப்புத் தகராறில் பங்காளி ஒருவர் அப்பத்தாவைப் பார்த்து, “உனக்கு என்ன பாத்தியதை இருக்கு இங்க?” என்று கேட்கும் அளவுக்கு அதன் சாரம் ஊர் வந்து சேர்ந்திருந்தது.

அண்ணா முதலமைச்சரானதும் 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 1968 ஜனவரி 20 முதல் அது நடைமுறைக்கு வந்தது. உற்றார் நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் உறுதி சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றினால், அல்லது தாலி கட்டினால், கல்யாணம் செல்லும். முன்பே நடந்தவையும் செல்லும். அப்போது எனக்கு ஏழு வயது. தாத்தா பேப்பரை உரக்கப் படித்து, “இனிமே சட்டப்படியும் நீ என் சம்சாரம்” என்றார். அப்பத்தா முறத்தைக் கீழே வைத்தார். “அப்ப நேத்து வரைக்கும் நான் யாரு?” என்று கேட்டார். அவர் குரலில் சந்தோசம் இல்லை. அந்த வயதில் அது எனக்கு விளங்கவில்லை.

நான் தாத்தாவைப் போல் இல்லாமல் அப்பத்தா வழியில் வளர்ந்தவன். இன்றும் திங்கட்கிழமைகளில் மீனாட்சி கோயிலுக்குப் போகிறேன். சுவாமி சந்நிதிப் பிராகாரத்தின் வடகிழக்கு மூலையில், வன்னி மரமும் கிணறும் இலிங்கமும் இருக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன். திருவிளையாடற் புராணத்தின் கடைசிப் படலத்தில் இதன் கதை இருக்கிறது. தாய் தந்தையை இழந்த ஒரு வணிகர் மகளை முறைமாப்பிள்ளை மதுரைக்கு அழைத்து வருகிறான். வழியில் திருப்புறம்பியத்தில் பாம்பு தீண்டி இறக்கிறான். ஞானசம்பந்தர் அருளால் உயிர் பெறுகிறான். அந்த இடத்திலேயே, வன்னி மரமும் கிணறும் இலிங்கமும் மட்டும் சாட்சியாக அவளை மணக்கிறான். அவனுக்கு மதுரையில் முன்பே ஒரு மனைவி உண்டு. பின்னால் ஒருநாள் பிள்ளைகள் சண்டையில் அந்த மூத்தவள் கேட்கிறாள்: உன் கல்யாணத்தைப் பார்த்தவர் யார்? மரமும் கிணறுமா, அவை இங்கே வருமா? இளையவள் இறைவனிடம் அழுகிறாள். திருப்புறம்பியத்திலிருந்து மூன்றும் மதுரைக்கு வந்து நிற்கின்றன. அந்த ஊர்ச் சுவாமிக்கே சாட்சிநாதர் என்று பெயர்.

இதைத் தன்பாலினத் திருமணத்துக்கு ஆதாரமாக நான் காட்டவில்லை. அர்த்தநாரீசுவரரையும் ஐயப்பன் பிறப்பையும் சிலர் இந்த விவாதத்தில் இழுத்து வருகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. சிவமும் சக்தியும் பிரியாத நிலையைச் சொல்லும் வடிவத்தை வழக்குக் கட்டில் ஓர் இணைப்பாகக் கோப்பது பக்தியும் ஆகாது, நேர்மையும் ஆகாது. வன்னி மரத்தடியில் எனக்குத் தோன்றுவது வேறு. உன் வாழ்வுக்குச் சாட்சி இல்லை என்று ஒருத்தியை அவமதித்தபோது, தெய்வம் அவமதித்தவள் பக்கம் நிற்கவில்லை. சாட்சி சொல்ல ஊர் தாண்டி வந்தது.

சடங்கு எதற்காக வந்தது என்பதை நம் மொழியின் மூத்த நூலே சொல்கிறது. பொய்யும் தவறும் தோன்றிய பிறகுதான் பெரியோர் திருமணக் கரணத்தை வகுத்தார்கள் என்கிறது தொல்காப்பியக் கற்பியல். ஒருவரை நேசித்துவிட்டு, பிறகு தெரியாது என்று கைவிட முடியாதபடி நாலு பேர் முன்னால் கட்டிப்போடுவதே கரணம். முப்பது வருடப் பணியில் நான் பார்த்ததும் அதைத்தான். பதிவுச் சான்றைத் தேடி வருகிறவர்களில் பலர் இழப்புக்கு நடுவே வருகிறவர்கள். குடும்ப ஓய்வூதியம், வாரிசு, மருத்துவமனைக் கையெழுத்து என்று ஏதோ ஒன்று அவர்களைத் துரத்தும். அந்த இரு பெண்களும் கைவிட முடியாதபடி தங்களைக் கட்டிப்போடச் சொல்லித்தான் வந்தார்கள். கரணத்தின் நோக்கம் அவர்களிடம் முழுமையாக இருந்தது. நான்தான் கட்ட மறுத்தேன்.

எதிர்க்கிறவர்களின் மனமும் எனக்குத் தெரியும், அவர்களோடுதான் நான் கோயிலுக்குப் போகிறேன். திருமணம் மனிதன் கண்டுபிடித்தது அல்ல, அதன் வடிவத்தை மாற்ற அரசுக்கு என்ன உரிமை என்று கேட்கிறார்கள். ஆழ்ந்த கேள்விதான். ஆனால் எந்த வடிவம்? இந்துவுக்கு அது சம்ஸ்காரம், கத்தோலிக்கருக்குத் திருவருட்சாதனம், முஸ்லிமுக்கு நிக்காஹ் என்கிற ஒப்பந்தம். மூன்றும் ஒரே பொருள் அல்ல. என் பதிவேடு மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் இல்லை. இவர்கள் சேர்ந்து வாழ உறுதி சொன்னார்கள், இன்னார் பார்த்தார்கள் என்று மட்டுமே அது எழுதியது.

கத்தோலிக்கரான என் நண்பர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தன்பாலினத் திருமணம் தம் கோயில் பீடத்தில் நடப்பதை ஒருபோதும் ஏற்க மாட்டேன் என்பவர். 2023 டிசம்பரில் வத்திக்கான் ஓர் அறிக்கை வெளியிட்டது. அத்தகைய இணையருக்குக் குருவானவர் ஆசி வழங்கலாம், ஆனால் அது திருமணச் சடங்கைப் போல இருக்கக் கூடாது, திருமணம் பற்றிய போதனையில் மாற்றமில்லை என்றது. அதுகூட நண்பருக்கு நெருடலாகவே இருந்தது. அவரிடம் கேட்டேன்: “மணமுறிவு வாங்கின கத்தோலிக்கர் மறுமணம் பண்ண என்கிட்ட வந்தா, நான் பதிவு பண்ணுவேன். உங்க சாமியார் மந்திரிக்க மாட்டார். இதனால உங்க சபை கெட்டுப்போச்சா?” நெடுநேரம் யோசித்துச் சொன்னார்: “இல்லண்ணே. எங்க நியாயம் எங்க பீடத்தோட நிக்குது. உங்க மேசைக்கு அது வர வேண்டியதில்ல.” அவர் தம் நம்பிக்கையில் ஒரு நூலும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் அவர் நியாயத்தில் அந்தப் பெண்களுக்கு இடம் கிடைத்தது.

இங்கிலாந்து 2013இல் சட்டம் இயற்றியபோது இதைத்தான் எழுத்தில் வைத்தது. எந்த மதகுருவையும் இத்தகைய மணம் நடத்தக் கட்டாயப்படுத்த முடியாது என்ற காப்பு அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு முன்னால் அங்கே 2005 முதல் இருந்தது திருமணம் என்ற பெயரில்லாத பதிவு உறவு. உலகில் முதன்முதலாக அப்படியொரு பதிவைத் தொடங்கியது டென்மார்க், 1989இல். சிவில் யூனியன் என்று பொதுவாகச் சொல்வது இதைத்தான். உரிமைகளைத் தருவோம், கல்யாணம் என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள் என்கிற சமரசம்.

நம் நாட்டில் அந்தச் சமரசம்கூடக் கைகூடவில்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்றார்கள். சிவில் யூனியன் உரிமையாவது உண்டு என்று சந்திரசூட்டும் கௌலும் சொன்னார்கள். மற்ற மூவர் அதையும் நாடாளுமன்றத்தின் வேலை என்றார்கள். மறுநாள் காலை பேப்பரைப் படித்தபோது என் காதில் அப்பத்தாவின் கேள்விதான் கேட்டது. பெயரில்லாத பாத்தியதையோடு வாழ்வது எப்படி என்று அவருக்குத் தெரியும். சிவில் யூனியன் போதுமா என்று கேட்டால், போதாது என்பேன். ஆனால் மழையில் நிற்பவரிடம் ஓட்டுவீடு கட்டும்வரை நனைந்துகொண்டே இரு என்று சொல்ல மாட்டேன். ஓலைக்கூரையாவது உடனே வேண்டும்.

அந்தக் கூரையைச் சென்னை உயர் நீதிமன்றம் கொஞ்சம் கொஞ்சமாக வேய்கிறது. 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், குடும்ப உறவு ஒப்பந்தம் ஒன்றை இத்தகைய இணையர் பதிவு செய்துகொள்ள வழி காணுமாறு மாநில அரசிடம் சொன்னார். 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, குடும்பம் அமைத்துக்கொள்ளத் திருமணம் மட்டுமே வழியல்ல என்றது. 2024 ஆகஸ்டில் மத்திய நிதியமைச்சகம், இவர்கள் கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாக்கவும் தடையில்லை எனத் தெளிவுபடுத்தியது. சின்ன விஷயங்கள்போலத் தெரியும். பதிவேட்டோடு காலம் கழித்தவனுக்கு அவை சின்னவை அல்ல.

1872இல் வந்த பழைய சிறப்புத் திருமணச் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. அதன்கீழ் மணக்க விரும்புகிறவர்கள், தாங்கள் இந்து அல்ல, முஸ்லிம் அல்ல, கிறிஸ்தவர் அல்ல என்று எழுதிக் கொடுக்க வேண்டும். துணை வேண்டுமா, தெய்வம் வேண்டுமா என்று அரசு கேட்டது. எல்லோருக்குமாக அந்தக் கேள்வி நீங்க 1954 ஆனது. இன்று அதே கேள்வியை, அரசுக்குப் பதிலாக, பக்தர்களாகிய நாம் கேட்கிறோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்த பெண்ணிடம், இவளை விடு, இல்லாவிட்டால் கோயிலை விடு என்கிறோம். இறைவனை யார் வணங்கலாம் என்று சொல்லும் அதிகாரம் நமக்கு எங்கிருந்து வந்தது?

நான் ஓய்வுபெறுவதற்கு ஒரு மாதம் முன்னால், 2019 ஏப்ரலில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலிருந்து ஒரு தீர்ப்பு வந்தது. தூத்துக்குடியில் கோயிலில் மணந்த திருநங்கை ஒருவரின் திருமணத்தைப் பதிய எங்கள் துறை மறுத்திருந்தது. இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும், பதிந்துகொடுங்கள் என்றார் நீதிபதி சுவாமிநாதன். அப்பத்தாவுக்கு ஊர் சாட்சி இருந்தது, தெய்வ சாட்சி இல்லையென்று சட்டம் தள்ளியது. இவர்களுக்குத் தெய்வ சாட்சியே இருந்தது, பதிவேடு தள்ளியது. அவர்கள் நீதிமன்றம் போக முடிந்ததற்கு ஒரு காரணம், மறுப்பு எழுத்தில் கிடைத்ததுதான். அன்றிரவு நான் தூங்கவில்லை. சுருக்குப்பை அம்மா என்னிடம் கேட்டது அந்த ஒரு துண்டுக் காகிதத்தைத்தான். மனுவை வாங்கி, காரணம் எழுதி மறுத்திருந்தால் அவர்கள் அடுத்த வாசலைத் தட்டியிருக்கலாம். சட்டம் என்னைப் பதிவு செய்யவிடாமல் தடுத்தது. எழுதித் தரவிடாமல் தடுத்தது சட்டம் இல்லை, நான்.

இப்போது எனக்கு மேசையும் முத்திரையும் இல்லை. சாட்சி சொல்வதற்கு இரண்டும் வேண்டாம். அன்று எழுதாததை இங்கே எழுதுகிறேன். 2018 டிசம்பரில் இரு பெண்கள் ஒருவரையொருவர் கைவிட மாட்டோம் என்று சொல்வதற்காக, உரிய படிவத்தோடும் மூன்று சாட்சிகளோடும் அரசு அலுவலகத்துக்கு வந்தார்கள். வந்ததை நான் பார்த்தேன்.

நான் நான்காவது சாட்சி.