பார்ப்பம், பார்ப்பம்!



சில மாதங்களுக்கு முன் துணுக்காயில் ஓர் ஆசிரியையின் குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீட்டில் வாழும் குடும்பம். தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது குசினிப் பக்கமிருந்து ‘டொக், டொக்’ என்றொரு சத்தம். எட்டிப் பார்த்தேன். தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு வாளி.

“ஆறு மாதமாய் இப்பிடித்தான், சுவாமி. வீட்டுக்காரருக்கு நாலு தரம் சொல்லியாச்சு. ‘பார்ப்பம், பார்ப்பம்’ எண்டு சொல்லுவார். ஒருக்கால் ஒரு பெடியனை அனுப்பினார். அவன் பைப்பை இறுக்கிப்போட்டுப் போனான். அடுத்த கிழமை முந்தினதிலும் மோசம்.”

“நீங்களே ஓர் ஆளைப் பிடித்துத் திருத்தினால் என்ன, பிள்ளை?” என்றேன்.

“கை வைச்சால் ‘என்ர பைப்பை உடைச்சுப்போட்டியள்’ எண்டு சொல்லுவாரோ எண்டு பயம். கூடக் கதைச்சால் வீட்டை விடச் சொல்லுவார். பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட வேறை வீடும் இல்லை.”

அந்தப் பயம் என் மனத்தை வருத்தியது.

சொட்டுத் தண்ணீர்தானே என்று சிலர் எண்ணலாம். நிமிடத்திற்கு 10 மில்லிலீற்றர் சொட்டினால் ஒரு நாளில் 14 லீற்றருக்கு மேல். ஒரு மாதத்தில் 430 லீற்றருக்கு மேல். ஐப்பசி தொடக்கம் தை வரை பெய்யும் மழையை நம்பி ஆண்டு முழுவதும் வாழும் வன்னி மண்ணில், ஆவணியில் கிணறு அடியைத் தொடும்போது இது சிறிய கணக்கா? அந்தத் தண்ணீரைத் தாங்கிக்கு ஏற்றும் மோட்டாரின் மின்சாரப் பணத்தைக் கட்டுவதும் குடியிருப்பவரே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘லௌதாத்தோ சீ’ சுற்றுமடலில், பாதுகாப்பான குடிநீர் மனிதனின் அடிப்படை உரிமை என்று போதித்ததை இங்கு நினைவில் கொள்வோம்.

குழாய் ஏன் சொட்டுகிறது? உள்ளேயிருக்கும் சிறு றப்பர் வோசர் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். அதை மாற்றுவது கால் மணி நேர வேலை. மாற்றாமல் மேலும் மேலும் இறுக்கினால் றப்பர் நசிந்து வெட்டுப்படும். பின்னர் அது அமரும் உலோக விளிம்பும் அரிபடும். முடிவில் முழுக் குழாயையும் மாற்ற வேண்டிவரும். வவுனிக்குளத்து நீரில் வயல் செய்யும் எங்கள் விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வரம்பில் நண்டு தோண்டிய பொந்தை அன்றே மண் போட்டு மிதித்து அடைப்பவர்கள் அவர்கள். பொந்து ‘பார்ப்பம்’ என்பதைக் கேட்டுக் காத்திருப்பதில்லை.

வீட்டுச் சொந்தக்காரர்களே, உங்களோடு ஒரு வார்த்தை. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், வாடகைக்கு விட்ட வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் வைத்திருப்பது சொந்தக்காரரின் கடமை என்பதே எமது நாட்டின் பொதுச் சட்டமாகிய ரோமன் டச்சுச் சட்டத்தின் நிலைப்பாடு. ஆகவே திருத்தவேலை என்பது நீங்கள் இரங்கிச் செய்யும் உபகாரமன்று; வாங்கிய பணத்திற்குக் கொடுக்கவேண்டிய கடன். மாதம் பிறந்ததும் வாடகை வாங்குவதை எவரும் ‘பார்ப்பம்’ என்று தள்ளிப்போடுவதில்லையே!

லூக்காஸ் நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கூறிய உவமையில் ஒரு நடுவன் வருகிறான். ஏழைக் கைம்பெண் மீண்டும் மீண்டும் வந்து நீதி கேட்கிறாள். அவன் அவளை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. காலத்தைக் கடத்தினான். அதற்காகவே ஆண்டவர் அவனை நேர்மையற்றவன் என்றார். மறுப்பது மட்டுமன்று, தாமதிப்பதும் அநீதிதான்.

பிறருக்குப் போதிக்கும் நான் இதை எழுதும்போது வெட்கப்படுகிறேன். முன்பு ஒரு பங்கில் பணியாற்றிய காலத்தில், கோயிலுக்குச் சொந்தமான ஓர் அறையில் வயோதிபர் ஒருவர் வாடகைக்கு இருந்தார். குழாய் ஒழுகுகிறது என்று மூன்று முறை சொல்லியனுப்பினார். திருவிழா வேலைகள் தலைக்கு மேல் இருந்தன. ‘பார்ப்பம்’ என்றேன். ஒருநாள் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து அவருடைய கை முறிந்தது. ஆஸ்பத்திரியில் பார்க்கச் சென்றபோது அவர் என்னைக் குறை சொல்லவில்லை. “சுவாமிக்கு எத்தினை வேலை” என்றார். இன்றும் அந்த வார்த்தை என்னைச் சுடுகிறது. துணுக்காயில் கேட்ட அந்த ‘டொக், டொக்’ சத்தம் என் மனச்சான்றின் கதவையும் தட்டியது.

வாடகைக்கு இருப்போருக்கும் கடமையுண்டு. உரோமையில் புனித சின்னப்பர் இரண்டு ஆண்டுகள் வாடகை வீட்டில் தங்கி, வந்தவரையெல்லாம் வரவேற்றார் என்று திருத்தூதர் பணி கூறுகிறது. இரவல் சுவருக்குள்ளும் இறைபணி நடந்தது. ‘எங்கட வீடோ?’ என்று குழாயை ஓட விடாதீர்கள். வாளியில் சேர்ந்ததை மரத்துக்கு ஊற்றுங்கள். முறையீட்டைத் திகதியிட்டு எழுதிக் கொடுத்துப் பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கைம்பெண்ணைப் போலச் சளைக்காமல், மரியாதையோடு கேளுங்கள். அயலவர்களே, தனியாகக் கேட்கப் பயப்படுபவரோடு நீங்களும் ஒருநாள் கூடப் போங்கள்.

இந்த ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பும் வழியில், நீங்கள் வாடகைக்கு விட்ட வீட்டுப் படலையைத் திறந்து, “என்ன குறை இருக்குது?” என்று ஒருமுறை கேளுங்கள். திங்கட்கிழமை வோசரோடு ஆளை அனுப்புங்கள். நம் வேண்டுதலுக்கு ‘பார்ப்பம்’ என்று சொல்லாத இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.